ஏல நாளில் நின்ற கம்ப்யூட்டர்

எண்பத்தாறாம் வருஷம் போடிநாயக்கனூரில் நடந்தது இது. அப்போது நான் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். ராசிங்காபுரத்தில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு.

கம்ப்யூட்டர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். புத்தகம் அளவில் ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். அதை டிவியில் மாட்ட வேண்டும். எழுதிய புரோகிராமை, பாட்டுப் பதிவது போல டேப் ரிக்கார்டரில் வைத்துக் கேசட்டில் பதிய வேண்டும். பதிவதற்குள் மெஷின் நின்றுவிட்டால் எழுதியது எல்லாம் போய்விடும். பெரிய புரோகிராம்களுக்கு இடம் போதவில்லை என்று, இன்ஸ்டிடியூட் நடத்திய சார் மதுரையிலிருந்து ஒரு மெமரிப் பெட்டி வாங்கிவந்து அதன் முதுகில் மாட்டினார். அன்றைக்குப் பிடித்தது சனி.

நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று திரையில் இருந்த எழுத்து அப்படியே உறைந்துவிடும். எந்தக் கீயை அழுத்தினாலும் அசையாது. சில சமயம் திரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோலம் போட்டுவிட்டு நின்றுவிடும். அணைத்துப் போட்டால் சரியாகும். எழுதியது மட்டும் இருக்காது.

கொஞ்ச நாளில் மாணவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மலையிலிருந்து ஒரு பெண் வருவாள். அவள் வரும் நாளில்தான் மெஷின் நிற்கிறது. மற்ற நாளில் நிற்பதே இல்லை.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் கூலி வேலை பார்த்தார்கள். அவளுடைய சித்தப்பா லோடு ஜீப் ஓட்டினார். போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கும் நாட்களில் காய் மூட்டைகளோடு அவளையும் ஏற்றிக்கொண்டு இறங்குவார், சாயங்காலம் கூட்டிப்போவார். அவள் பிளஸ் டூ முடித்திருந்தாள். அடுத்த காய் எடுப்பு வரைக்கும் வீட்டில் கெடு கொடுத்திருந்தார்கள். அதற்குள் சர்டிபிகேட் வாங்கிவிட்டால் எஸ்டேட் ஆபீசில் வேலை கேட்டுப் பார்க்கலாம். இல்லாவிட்டால் அம்மாவோடு காய் எடுக்கப் போக வேண்டியதுதான். சர்டிபிகேட் வாங்கச் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதிக் கேசட்டில் பதிந்து காட்ட வேண்டும். பச்சைக் காயின் எடையைக் கொடுத்தால் காய்ந்தபின் எவ்வளவு தேறும் என்று சொல்லும் புரோகிராம் அவளுடையது. ஒவ்வொரு முறையும் பாதியில் மெஷின் நின்றது.

அவள் படியேறும்போதே கிண்டல் ஆரம்பித்துவிடும். “மாப்ளே, மலை எறங்கிருச்சு. வெரசா உன் புரோகிராமைப் பதிஞ்சுக்க.” அவள் மெஷினைத் தொடவே வேண்டாம், ஹாலில் இருந்தாலே போதும் என்று வேறு சொன்னார்கள். அவள் கேட்காதவள் போல டைப்ரைட்டரில் பேப்பரைச் செருகிக்கொள்வாள்.

சார் மதுரையிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் வந்தது ஏலம் இல்லாத நாள். மெமரிப் பெட்டியைக் கழற்றி, பின்களைத் துடைத்து மாட்டி, வெகுநேரம் ஓட்டிப் பார்த்தார். ஒரு தடவைகூட நிற்கவில்லை. “மெஷின்ல கோளாறு இல்ல சார். உக்கார்ற ஆளைப் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சார் கெட்ட மனிதர் இல்லை. ஆனாலும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பாவந்தான். ஆனா ராசின்னு ஒண்ணு இருக்குல்லம்மா? அந்தப் புள்ள டைப்ரைட்டிங்கோட நிறுத்திக்கிரட்டும்” என்றார். நான் வாதாடிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை.

அவளோ வாதாடவே இல்லை. “என்னால மெஷின் கெட்டுப்போயிரக் கூடாது சேச்சி” என்றாள். மலையில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிறகு போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த ஏல நாளில் டைப்ரைட்டிங்குக்கும் வரவில்லை.

எனக்கு மனசு ஆறவில்லை. நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் எங்கள் தோட்டத்துக் கிணறு வற்றியது. பொம்பளப் புள்ள காலேஜ் படியேறுனதுதான் காரணம் என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். அடுத்த வருஷம் மழை பெய்து கிணறு நிறைந்தது. அது என்னால்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அவள் வராத அந்த ஏல நாளில்தான் விஷயம் வெளிப்பட்டது. மத்தியானம் ஒரு மாணவன் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தான். மெஷின் நின்றது. “ஏலக்காய் வாசம் மட்டும் ஜீப்புல வந்துருச்சு போல” என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சலில் தலையை அண்ணாந்தேன். மேலே காற்றாடி வழக்கத்தைவிடச் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்பு ஆரம்பிக்காத நேரம் அது. டைப்ரைட்டர்கள் ஓய்ந்திருந்தன. அதனால் பக்கத்தில் ஏலக்காய் மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கியிலிருந்து வந்த சத்தம் தனியாகக் கேட்டது. ஏலத்தில் எடுத்த காயைப் பெரிது சிறிதாகப் பிரிக்கும் சல்லடை மெஷின். ஏல நாளில்தான் அதற்குச் சோலி. அதன் மோட்டார் கரண்டை இழுப்பதால்தான் காற்றாடி சோம்புகிறது என்று உறைத்தது.

மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். டிவிக்கு ஸ்டெபிலைசர் இருந்தது. கம்ப்யூட்டரின் அடாப்டரோ நேராகச் சுவர் பிளக்கில் மாட்டியிருந்தது. டிவிதான் பெரிய சாமான், அதற்குத்தான் பாதுகாப்பு வேண்டும் என்பது சாரின் எண்ணம். அதனால்தான் கரண்டு குறையும்போது டிவியில் படம் ஆடவில்லை, யாருக்கும் கரண்டின் மேல் சந்தேகமும் வரவில்லை. மெமரிப் பெட்டி வருவதற்கு முன்னால் அந்த அடாப்டர் எப்படியோ தாங்கிக்கொண்டது. கூடுதல் பாரம் ஏறியபின் அதனால் முடியவில்லை. கம்ப்யூட்டரை நிறுத்தியது கிட்டங்கி மோட்டார். அது ஓடும் நாளில்தான் லோடு ஜீப்பும் இறங்கும், ஜீப்பில் அவளும் வருவாள்.

சாரிடம் சொன்னேன். “மதுரைக்காரருக்குத் தெரியாததா?” என்றார். எல்லோர் முன்னாலும் செய்து காட்டினால்தான் நம்புவார்கள் என்று, ஜீப் நிற்கும் இடத்துக்குப் போய் அவளுடைய சித்தப்பாவைப் பார்த்தேன்.

“அது வராதும்மா. ரொம்ப அழுதிருச்சு. கட்டாயப்படுத்தாதீக” என்றார்.

“மெஷினைத் தொட வேண்டாம்ணே. வாசல்ல வந்து நிக்கட்டும், போதும்” என்றேன்.

அடுத்த ஏல நாளில் அவள் வந்து வாசற்படிக்கு வெளியே நின்றாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. நான் கிட்டங்கிக்குப் போய், சல்லடை மெஷின் ஓட்டுகிறவரிடம், என் கையைப் பார்த்து மோட்டாரைப் போட்டு நிறுத்த முடியுமா என்று கேட்டேன்.

“போடுன்னா போடணும், நிறுத்துன்னா நிறுத்தணுமா? என்ன ஆத்தா வெளையாட்டு இது? லோடு நிக்குது” என்றார்.

“ஒரு புள்ளையோட படிப்பும் நிக்குதுண்ணே.”

அவர் எட்டி வாசலைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “சரி, சன்னல் வழியா கை காட்டு” என்றார்.

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டைப் செய்தேன். கை காட்டினேன். பக்கத்தில் மோட்டார் உறுமியது. திரை உறைந்தது. மோட்டாரை நிறுத்தச் சொல்லி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு மறுபடி டைப் செய்தேன், ஒழுங்காக ஓடியது. திரும்பப் போடச் சொன்னேன், திரும்ப உறைந்தது. அதற்குள் சார் எழுந்து வந்து, “நகரும்மா, நான் பாக்குறேன்” என்று உட்கார்ந்தார். நான் மறுபடி கை காட்டினேன். அவர் கையிலும் நின்றது.

“அப்ப சாருக்கும் ராசியில்ல” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஹாலே சிரித்தது. சாரும் தலையைச் சொறிந்துகொண்டே சிரித்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், “உள்ள வாம்மா. தப்பு உன் மேல இல்ல” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அதோடு விடாமல் தானே கிட்டங்கிக்குப் போய், அவள் முடிக்கும்வரை மோட்டாரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். சுமை தூக்குகிறவர்கள் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்கள்.

அவள் உட்கார்ந்தாள். புரோகிராம் முழுவதும் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. அத்தனை முறை அழிந்து அழிந்து எழுதியதாயிற்றே. வரி வரியாக அடித்து முடித்து, கேசட்டைப் போட்டாள். புரோகிராம் பதியும்போது கீச்சென்று ஒரு சத்தம் வரும். கிண்டல் செய்தவர்கள்கூட டேப் ரிக்கார்டரைச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார்கள். அந்தச் சத்தம் நின்றதும் சன்னலுக்கு வெளியேயிருந்து, “முடிஞ்சுதா ஆத்தா? நாங்க பொழப்பைப் பாக்கலாமா?” என்று குரல் வந்தது.

அந்த வாரமே சார் கம்ப்யூட்டருக்கும் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிவிட்டார். காய் எடுப்புக்கு முன்னாலேயே அவள் சர்டிபிகேட்டும் வாங்கிவிட்டாள்.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அதெல்லாம் இல்லை. புரோகிராமைப் பதிந்த அன்று சாயங்காலம் ஜீப்பில் ஏறும் முன் அவள் என்னிடம், “அப்ப என் கையில ஒண்ணும் இல்லையா சேச்சி?” என்று கேட்டாள். “ஒண்ணும் இல்ல” என்றேன். அவள் உள்ளங்கைகளை விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷினுக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது. தன் கையில் ஒன்றுமில்லை என்று அவள் நம்ப எத்தனை காலம் ஆயிற்றோ, அது எனக்கு இன்றுவரை தெரியாது.