பெரிசு பேசிய போனுக்கு என் லைசென்ஸ்

வண்டி ஓட்டும்போது செல்போன் பேசினேன் என்று அரசாங்கம் எனக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. பேசிய இடம் எண்ணூர் விரைவுச் சாலை. அந்தச் சாலைக்கு விரைவு என்று பெயர் வைத்தவர் அதில் ஒருநாளும் போயிருக்க மாட்டார். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் ராயபுரத்தில் ஆரம்பித்து, திருவொற்றியூர் தாண்டி, சில நாட்களில் காத்திவாக்கம் வரைக்கும் வரிசை கட்டி நிற்கும். அதில் ஒரு டிரெய்லரை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டினேன் என்பதே ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான். காலையில் டீக்கடைக்கு எதிரே நின்றால் மத்தியானம் அதற்குப் பக்கத்துப் பஞ்சர் கடைக்கு எதிரே நிற்போம். அந்த வேகத்தில் போனவன் போன் பேசிப் பொதுமக்கள் உயிருக்கு ஆபத்து விளைவித்தானாம்.

உங்கள் ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதம் ஏன் நிறுத்திவைக்கக் கூடாது என்று பதினைந்து நாளில் காரணம் சொல்லச் சொல்லியிருந்தார்கள். காரணம் என்னிடம் இருந்தது: பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு, அடுப்பில் உலை. லைசென்ஸ் இல்லாதவனுக்குத் துறைமுகப் பாஸ் கிடையாது. பாஸ் இல்லாத டிரைவரை எங்கள் முதலாளி வாசலில்கூட நிற்கவிட மாட்டார். இதையெல்லாம் காரணமாக எழுத அந்தப் பாரத்தில் இடம் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு அந்த வண்டியில் நான் இல்லவே இல்லை.

வரிசையில் ஒன்றரை நாள் நிற்பவன் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், பெண்டாட்டி முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் வண்டியை நகர்த்த எங்களுக்குப் பெரிசு இருந்தார். முகத்துவாரக்குப்பத்துக்காரர். வெள்ளைத் தாடி. அந்தக் காலத்தில் லாரி கிளீனராக இருந்தவர். படிக்காதவருக்கு லைசென்ஸ் இல்லை என்று விதி இருந்த வரைக்கும் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். விதி மாறியபோது அவருக்குக் கண் மங்கிவிட்டது. கண் மங்கியவர் கையில் நாற்பதடிக் கன்டெய்னரைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போவது எங்களில் ஒருவருக்கும் தப்பாகப் படவில்லை. ஒரு டீ, ஒரு வேளைச் சாப்பாடு, கையில் ஏதோ கொஞ்சம். அவருக்கு அதுதான் பிழைப்பு.

போலீஸ் கேட்டால் காட்டுவதற்கு ஒவ்வொரு வண்டியிலும் சாமி படத்துக்குப் பின்னால் டிரைவருடைய லைசென்ஸின் ஜெராக்ஸ் இருக்கும். லேமினேட் செய்தது. வண்டியில் யார் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். போலீஸ்காரர் எண்ணைப் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். அடிக்கிற வெயிலில் அவருக்கும் முகம் பார்த்துப் பழகப் பொறுமை கிடையாது.

அன்றைக்கு என் தோஸ்து ஒருவன் மகளுடைய பள்ளி விழாவுக்குப் போனான். அவன் வண்டி புதுசு, ஏசி கேபின். அதை நகர்த்துகிற புண்ணியத்தை நானே ஏற்றுக்கொண்டேன். என் பழைய தகர டப்பாவைப் பெரிசிடம் ஒப்படைத்துவிட்டு, சார்ஜில் போட்டிருந்த போனையும் அங்கேயே விட்டுவிட்டு, ஏழு வண்டி தள்ளி, இன்னொருவன் லைசென்ஸில் குளுகுளுவென்று உட்கார்ந்திருந்தேன். என் மனைவி போன் செய்திருக்கிறாள். பெரிசு எடுத்துப் பேசியிருக்கிறார். போலீஸ்காரர் வந்திருக்கிறார். பெரிசு சாமி படத்துக்குப் பின்னால் கை விட்டிருக்கிறார். இதைப் பெரிசு என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். வழக்கைப் பற்றிய செய்தி முதலாளியின் போனுக்குப் போயிருந்தது. கேட்டதற்கு, "ஒரு நாளைக்கு நூறு மெசேஜ் வர்து, எதைன்னு படிக்கிறது?" என்று என்னையே திட்டினார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு போக்குவரத்து அலுவலகம் போனேன். "கேஸு கோர்ட்ல கீது. நீ இல்லன்னு அங்க எழுதி வாங்கினு வா, பாக்கலாம்" என்றார் அங்கிருந்தவர். எந்தக் கோர்ட் என்றேன். இணையத்தில் பார்க்கச் சொன்னார்.

பார்த்தேன். வண்டி எண்ணைப் போட்டால், கோணல்மாணலாக நாலு எழுத்தைக் காட்டி, நான் மனிதன்தானா என்று அது சந்தேகப்பட்டது. மூன்றாவது தடவை என்னை மனிதன் என்று ஒப்புக்கொண்டு, பதிவு எதுவும் இல்லை என்றது. பிரௌசிங் சென்டர் பெண் வேறு பக்கத்தைத் திறந்து, கேஸ் முதலில் ஆன்லைன் கோர்ட்டுக்குப் போய், யாரும் பதில் சொல்லாததால் நிஜக் கோர்ட்டுக்கு மாறிவிட்டது என்றாள். முதல் கோர்ட்டில், அந்த இடம் எங்கள் எல்லையில் இல்லை என்றார்கள். இரண்டாவது கோர்ட்டில், முதல் கோர்ட்டுக்கே போகச் சொன்னார்கள். இப்படி அலைந்ததில் நான் போன தூரம், அந்த மாதம் என் வண்டி போன தூரத்தைவிட அதிகம்.

கடைசியில் ஒரு கோர்ட்டு குமாஸ்தா கம்ப்யூட்டரைத் தட்டி, "இந்தா கீது பாரு" என்று திரையைத் திருப்பினார். போலீஸ்காரர் எடுத்த போட்டோவும் அதில் இருந்தது. என் வண்டி, என் சீட், காதில் என் போன். பேசியபடி வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார் பெரிசு. தாடியில் ஒரு முடி விடாமல் தெரிந்தது. எனக்கு அங்கேயே விசில் அடிக்கலாம் போல் இருந்தது.

வெளியே மரத்தடியில் டைப் அடிப்பவரிடம் மனு எழுதச் சொன்னேன். "வண்டியில் இருந்தது நானல்ல, கீழ்க்கண்ட நபர்" என்று அடித்துவிட்டு, நபர் பேர் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எத்தனை வருஷமாக அவர் கையில் சாவியைக் கொடுத்திருப்பேன், பேர் தெரியாது. பேரைக் கேட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

பெரிசு அப்போது யாருடைய வண்டிக்கோ கீழே நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"லைசென்ஸ் இல்லன்னு என்ன உள்ள வெச்சிடுவாங்களா நைனா? புழல் ஜெயிலுக்கா?"

"அதெல்லாம் ஒண்ணியும் ஆவாது பெரிசு" என்றேன். ஆகுமா ஆகாதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் மெனக்கெடவில்லை.

அவர் கை கழுவிக்கொண்டு வந்து தன் பேரைச் சொன்னார். அப்பா பேரையும் சொன்னார். "சரியா எழுதிக்கினியா?" என்று கேட்டுவிட்டு, "நானே வந்து ஜட்ஜம்மாவாண்ட சொல்றேன். நீ புள்ளகுட்டிக்காரன். என்னால உனுக்கு இன்னாத்துக்கு பேஜாரு?" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அன்று வந்தது வெறும் நிம்மதிதான், வேறு ஒரு உணர்ச்சியும் வரவில்லை.

விசாரணை நாளில் அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, கோர்ட்டு வராந்தாவில் சுவரோரமாக நின்றார். கூப்பிடும்போது வருகிறேன் என்றார். நான் உள்ளே போனேன். நீதிபதியம்மாவுக்கு முன்னால் இருந்த கேஸ் கட்டுகளைப் பார்த்தால், எங்கள் கன்டெய்னர் வரிசையே பரவாயில்லை போலத் தோன்றியது. என் முறை வந்ததும் குமாஸ்தா கேட்டார், "போட்டோல இருக்கறது நீங்கதானே?"

"இல்லீங்கம்மா" என்று நீதிபதியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மனுவை எடுக்கச் சட்டைப் பையில் கை விட்டேன்.

நீதிபதியம்மா தலை நிமிர்ந்தார். "அப்ப நீங்க எங்க இருந்தீங்க? வண்டிய யாருகிட்ட குடுத்தீங்க?"

நான் எங்கே இருந்தேன்? இன்னொருவன் வண்டியில், இன்னொருவன் லைசென்ஸில். வண்டியை யாரிடம் கொடுத்தேன்? லைசென்ஸே இல்லாத, கண் மங்கிய கிழவரிடம். ஒரு குற்றத்திலிருந்து தப்பிக்க நான் இரண்டு குற்றங்களை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் போகிற லைசென்ஸ் ஒரேயடியாகப் போய்விடும். இத்தனை நாள் கோர்ட் கோர்ட்டாக அலைந்தவனுக்கு இந்த ஒரு கேள்வி தோன்றவே இல்லை. மனுவைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டுக் கையை மட்டும் வெளியே எடுத்தேன்.

"நான்தாம்மா. பயத்துல மாத்திச் சொல்லிட்டேன்."

அவர் திரையில் இருந்த வெள்ளைத் தாடியைப் பார்த்தார். மழித்த என் தாடையைப் பார்த்தார். "தாடிய எடுத்துட்டீங்களா?"

"ஆமாம்மா."

அபராதம் எழுதி, அடுத்த கட்டை எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்தேன். பெரிசு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போகத் தயாரானார். "கூப்ட்டாங்களா?"

"இல்ல பெரிசு. நாந்தான்னு சொல்லிட்டேன்."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்குவதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் பேரும் அவர் அப்பா பேரும் டைப் அடித்த காகிதம் என் பையில்தான் இருந்தது, அவர் கைக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம். நான் சொல்லவில்லை. வழியில் ஒரு சாக்கடையில் அதைக் கிழித்துப் போட்டேன்.

சாயங்காலத்துக்குள் வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது. "எம்பேரு ஒரு எழுத்து வெளிய வர்லபா. தானே ஏத்துகினான்" என்று பெரிசு வண்டி வண்டியாக ஏறிச் சொல்லியிருக்கிறார். எனக்கு ஒரு நல்ல பேர் வந்தது. என் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு நல்ல பேர் வந்ததில்லை.

லைசென்ஸ் மூன்று மாதம் போயிற்று. முதலாளி என் வண்டிக்கு வேறு ஆள் போட்டுவிட்டார். நான் வீட்டில் உட்கார்ந்தேன். பெரிசு வாரம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்தார். கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அவரே தடவிப் பிடித்த இறாலைத் தூக்குவாளியில் கொண்டுவந்து, "புள்ளைங்களுக்கு நைனா" என்று வாசலில் வைத்துவிட்டுப் போவார். உள்ளே வந்து உட்காரவும் மாட்டார். "இந்த மாரி ஒரு மன்சன் எனுக்கு புருசனா கெடச்சாரே" என்று என் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஒரு வாரமாவது வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அவள் தொக்கு நன்றாகச் செய்வாள். மூன்று மாதமும் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன்.