நாற்பத்துமூன்று பேர் வைத்த நலங்கு

கலாராணிக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வருவாள். கண்டி திருகோணமலை வீதியில், புடைவைக் கடையொன்றின் மேல்மாடியில் இருக்கும் கலியாண வீடியோ ஸ்டூடியோவில் பத்தொன்பது வருடமாக எடிட்டிங் செய்கிறாள். மற்ற வருடமெல்லாம் சேர்த்துக் கழுவியதைவிடக் கடைசி ஆறு மாதத்தில் கழுவியது அதிகம். வாரத்துக்கு ஒரு சவர்க்காரம் கரைகிறது.

ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளை. ஸ்டூடியோவில் போட்டோ வெட்டி அல்பத்தில் ஒட்டுகிற வேலைக்கு வந்தவள், இருந்த எடிட்டர் கட்டாருக்குப் போன மறுநாள் அவருடைய கதிரையில் உட்கார்ந்தாள். இன்னும் எழும்பவில்லை. கண் திரையில் இருக்க, இடது கை விரல்கள் தாமாகவே ஓடும். எங்கே வெட்டவேண்டும், எங்கே ஒட்டவேண்டும் என்று விரலுக்கே தெரியும், வெங்காயம் அரிகிற பெண்ணின் கைக்குத் தெரிவதுபோல.

அந்தக் கையைத்தான் புது மென்பொருள் முடமாக்கிவிட்டது. எடிட்டிங் மென்பொருளை விற்கிற கம்பனி, பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடியிலிருந்து புதிதாக எழுதியிருப்பதாக அறிவித்தது. ஒரு காலையில் திரை, 'மாறிக்கொள்ளலாமா?' என்று கேட்டது. ஸ்டூடியோ முதலாளி மக்கீன் நானா 'ஆம்' என்பதை அழுத்திவிட்டார்.

"கேட்டது, ஆம் எண்டு சென்னேன். மரியாதையாத்தானே கேட்டது?" என்றார்.

"மாப்பிள்ளை கேட்டு வந்தாக்கூட நாலு எடத்துல விசாரிச்சுத்தான் நானா தலையாட்டுவாங்க. நீங்க ஒரே தட்டுல குடும்பத்தையே மாத்திட்டீங்க."

அன்றிலிருந்து ஸ்டூடியோவில் அதற்குப் பெயர் மருமகள். வந்த முதல் நாளே சமையலறையைத் தலைகீழாக்கி வைத்துவிட்ட மருமகள். உப்பு இருந்த இடத்தில் சீனி. வெட்டுகிற பொத்தானை அழுத்தினால் படம் பெரிதாகிறது. மேளச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் ஐயரின் மந்திரம் காணாமல் போகிறது. முடித்த வீடியோவை ஒரே கோப்பாக வெளியே எடுக்கும்போது, தொண்ணூற்றேழு சதவீதம்வரை சமர்த்தாக வந்து, அங்கே மயங்கி விழுகிறது. பழையதற்குத் திரும்பவும் வழியில்லை. புதியதில் ஒருமுறை திறந்த வேலையைப் பழையது கையாலும் தொடாது. கம்பனிக்கு எழுதினால், 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று பதில் வரும். பதினான்கு முறை எழுதினாள். பதினான்கு முறையும் அவளுடைய கருத்து முக்கியமாகவே இருந்தது.

இப்படி இருக்கையில்தான் யோகராஜ் வீட்டுக் கலியாணம் வந்தது.

யோகராஜ் பல்லேகலவில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மகள் நிலூஷாவுக்கு வியாழக்கிழமை நலங்கு, வெள்ளிக்கிழமை தாலி, அடுத்து வந்த ஞாயிறு பகல் மாப்பிள்ளை வீட்டார் பல்லேகலவில் மண்டபம் பிடித்து, மணமக்களை வரவேற்கிற ஹோம்கமிங் விருந்து. இப்போதெல்லாம் ஹோம்கமிங் என்றால், சாப்பாட்டுக்கு முன் பெரிய திரையில் கலியாண வீடியோவைப் போட்டே ஆகவேண்டும். வெள்ளிக்கிழமை தாலி கட்டிய கையோடு மனிதர் நேரே ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டார். பட்டு வேட்டிகூட மாற்றவில்லை.

"தங்கச்சி, நீங்க எதை வெட்டினாலும் வெட்டுங்க. என்னையே வெட்டுங்க. எங்க அக்காவ மட்டும் வெட்டிறாதீங்க."

கதை இதுதான். பதினொரு வருடத்துக்கு முன் மூத்த மகள் வயதுக்கு வந்த சடங்கு வீடியோவில், யோகராஜின் அக்கா பாப்பம்மா தண்ணீர் ஊற்றிய காட்சி எப்படியோ விடுபட்டுப்போனது. அது வேறு ஊர் ஸ்டூடியோ செய்த வேலை. நாவலப்பிட்டியிலிருந்து ஆசையாக வந்து உட்கார்ந்து பார்த்த பாப்பம்மா, தன் முகத்தைக் காணாமல் எழுந்தார். அந்த நேரம் யோகராஜின் கொழுந்தியா, அதாவது மனைவியின் அக்கா, "வீடியோவுல இல்லாட்டி என்ன, பந்தியில இருந்தாங்கல்ல" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். பாப்பம்மா அன்றைக்குப் படியிறங்கியவர்தான். யோகராஜ் நாலு பேரைப் பிடித்துக் கோயிலில் வைத்துப் பேசிய பிறகு, இந்தக் கலியாணத்துக்குத்தான் திரும்பப் படியேறியிருக்கிறார்.

"இந்தத் தடவையும் விட்டுப்போச்சின்னா, என் சாவுக்குக்கூட வரமாட்டாங்க" என்றார் யோகராஜ்.

"அவங்க முகம் இருக்கும். போய் வேட்டிய மாத்துங்க" என்றாள் கலாராணி.

கலியாண வீடியோவில் மாலை மாற்றுவது, தாலி கட்டுவது எல்லாம் ஊருக்காக. நலங்குதான் சொந்தக்காரருக்காக. பெண்ணை மணையில் உட்காரவைத்து, ஒவ்வொரு பெண்ணாக வந்து, எண்ணெயில் தோய்த்த அறுகம்புல்லால் தலை தொட்டு, மஞ்சளும் சந்தனமும் பூசிவிட்டுப் போவார்கள். பார்க்கிறவருக்கு அலுப்பாக இருக்கும். ஆனால் ஒரு கையைக்கூட விடக்கூடாது. வந்தவருக்கு அதுதான் சாட்சி. கலாராணி எண்ணித்தான் அடுக்கினாள். நாற்பத்துமூன்று பெண்கள். பாப்பம்மா ஐந்தாவது ஆள். சனி மாலை வேலையை முடித்து, வெளியே எடுக்கப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வந்து, வழக்கம்போல வெளிவந்த வீடியோவை முதலிலிருந்து முடிவுவரை நின்றுகொண்டே பார்த்தாள். உட்கார்ந்து பார்த்தால் கண் ஏமாற்றும் என்பது அவளுடைய கொள்கை. நலங்கு வந்தது, போனது. இவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்கக் கூடாதே என்று திருப்பி எண்ணினாள்.

ஒன்பது பெண்கள் இருந்தார்கள். பாப்பம்மா இல்லை.

வேலைத் திரையில் பார்த்தால் நாற்பத்துமூன்று பேரும் பத்திரமாக இருக்கிறார்கள். வெளியே எடுத்தால் ஒன்பதுதான். தேடிப் பிடித்தாள். 'ஒத்த காட்சிகளை ஒன்றாக்கு' என்று மருமகள் தானாகவே ஒரு வசதியைப் போட்டுவைத்திருந்தாள். நிலூஷா அதே மணையில், அதே மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறாள். இடப்பக்கமிருந்து வளையல் போட்ட ஒரு கை வருகிறது, போகிறது. போதாக்குறைக்குப் பெண் வீட்டுப் பெண்களெல்லாம் பேசிவைத்துக்கொண்டு ஒரே மாம்பழ நிறச் சேலை. ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருகிறாள் என்று மென்பொருள் முடிவு கட்டிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறாள். முப்பத்துநாலு பெண்களைச் சேலையோடு மறைத்ததை இப்போதுதான் பார்க்கிறாள்.

அந்த வசதியை அணைத்தாள். வெளியே எடுக்கும்போது அது தானாகவே மறுபடி எரிந்தது. கம்பனியின் உதவிப் பக்கத்தில் கேட்டாள். 'இது பிழையல்ல, உங்கள் நேரத்தை மிச்சப்படுத்தும் வசதி' என்று பதில் வந்தது.

போய்க் கை கழுவிவிட்டு வந்தாள்.

பிறகு ஒரு காட்சியின் கீழே சும்மா 'கலாராணி' என்று தன் பெயரை எழுதி, அந்தத் துண்டை மட்டும் வெளியே எடுத்துப் பார்த்தாள். காட்சி விடுபடவில்லை. எழுத்து வேறாக இருந்தால் ஆளும் வேறு என்று நம்புகிறது.

மக்கீன் நானா இடியப்பப் பார்சலோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும், "இதுக்கு லேசான வழி ஈக்கி. ஒண்டு, ரெண்டு, மூணு எண்டு நம்பர் போடுங்க" என்றார்.

"போடலாம். நம்பர் பிடிச்சிக்கிட்டு மருந்துக்கு நிக்கிற மாதிரி இருக்கும். அதுக்கப்புறம் நான் ஏன் ஏழு, அவ ஏன் ஆறுன்னு மண்டபத்துல அடிச்சிக்குவாங்க. நீங்க போய் விலக்கிவிடுவீங்களா?"

"ஐயோ, நான் வர இல்ல."

"பேரு போட்டா யாருக்கும் வலிக்காது."

பெயர் வேண்டுமே. நிலூஷாவின் அம்மாவுக்குப் போன் போட்டாள். அவள் பார்லரில் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். "எனக்குப் பாதிப் பேரு தெரியாதுங்க. அண்ணிக்குத்தான் தலைமுறை தலைமுறையாத் தெரியும். கட்டுகஸ்தோட்டையில சொந்தக்காரங்க வீட்டுலதான் நிக்கிறாங்க" என்றாள். அந்த அண்ணி வேறு யாருமல்ல, பாப்பம்மா.

எந்த மனுஷிக்குத் தெரியக்கூடாதோ, அந்த மனுஷியைத்தான் கூப்பிடவேண்டும். கலாராணி அரை நிமிடம் யோசித்தாள். மணி எட்டே கால். வீடியோ ஒரு மணிக்கு ஓடவேண்டும். கூப்பிட்டாள்.

ஒன்பது மணிக்குப் பாப்பம்மா படியேறி வந்தார். அறுபத்துமூன்று வயது, கைத்தடி கிடையாது, மூச்சும் வாங்கவில்லை. கதிரையில் உட்கார்ந்ததும் கலாராணி ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

"அம்மா, புது மெசினு உங்கள வெட்டிருச்சி. உங்களையும் இன்னும் முப்பத்திமூணு பேரையும் ஒரே ஆளுன்னு நெனைச்சிருச்சி. பேரு போட்டாத்தான் விடுமாம். பேரு உங்களுக்குத்தான் தெரியுமாம்."

பாப்பம்மா திரையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இதோ இந்தக் குந்தாணியும் நானும் ஒரே ஆளா?"

"மெசினுக்கு அப்படித்தான் தெரியுதாம்."

"கண்ணு அவிஞ்ச மெசினு! இவ இடுப்புல நான் ரெண்டு பேரு போவேன்." சட்டென்று சிரித்தார். "சரி, போடு. மொத ஆளக் காட்டு."

அதற்குப் பிறகு பெயர்கள் மடை திறந்த மாதிரி வந்தன. இவள் பூண்டுலோயாக்காரி, இவள் வாக்கப்பட்டது புசல்லாவையில், இவளுக்கு அப்பா வைத்த பேர் வேறு, இவளே வைத்துக்கொண்டது வேறு. "எந்தப் பேரப் போட?" என்று கேட்டால், "ஐடி கார்டுல உள்ளதப் போடு, கௌரவமா இருக்கட்டும்" என்றார். மக்கீன் நானா தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, "இவங்கள அரசாங்கக் கச்சேரியில வெச்சிருந்தா கண்டி ஜில்லாவுக்கே கணக்கெடுத்திருப்பாங்க" என்றார்.

முப்பத்தோராவது முகம் வந்தது. பாப்பம்மா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் எடுத்தார்.

"இவ பேரு எனக்குத் தெரியாது."

கலாராணிக்கும் பெயர் தெரியாது. ஆனால் கோப்பையை எடுத்த விதத்திலேயே யாரென்று தெரிந்துவிட்டது. பந்தியைச் சொல்லிச் சிரித்த கொழுந்தியா.

"பேரு இல்லாட்டி மெசினு இவங்கள விட்டுரும்."

"விட்டா விடட்டுமே. பந்தியில இருப்பால்ல?"

கலாராணி வாதாடவில்லை. வாதாடினால் பிடிவாதம் இறுகும், அவசரப்படுத்தினால் இன்னும் இறுகும். "சரி. இவங்க பேருக்கு எடம் சும்மா இருக்கட்டும். அடுத்தது" என்று நகர்ந்தாள். நிலூஷாவின் அம்மாவுக்கு மீண்டும் போன் போட்டுக் கேட்டிருக்கலாம்தான். இவருக்குத் தெரியாமல் கேட்டுப் போட்டால், மண்டபத்தில் அந்தப் பெயரைப் பார்த்து இந்த மனுஷிக்குக் கோபம் வரும். அதைவிட இங்கேயே தீர்ந்தால் நல்லது என்று விட்டுவைத்தாள்.

முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று. பாப்பம்மா சொன்ன பெயர்களில் இப்போது கதை இல்லை, வெறும் பெயர்தான். முப்பத்தேழில் நிறுத்தினார்.

"அந்தக் காட்சிய இன்னொருக்கா போடு."

போட்டாள். அந்தக் கொழுந்தியா குனிந்து புல்லால் தலை தொட்டு, மஞ்சள் பூசி, பிறகு முந்தானையால் நிலூஷாவின் கண்ணோரத்தில் வழிந்த எண்ணெயைத் துடைத்தாள். மற்ற யாருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

"புள்ள கண்ணுல எண்ணெய் எறங்கினத இவ ஒருத்திதான் பாத்திருக்கா" என்றார் பாப்பம்மா. பிறகு, "எழுதிக்க. தவமணி. பொண்ணோட பெரியம்மான்னு போடு. எழுத்து என்னுடையதவிடப் பெருசா இருக்கக்கூடாது."

"எல்லாருக்கும் ஒரே அளவுங்க."

"அளந்துக்க."

பத்தே முக்காலுக்கு வெளியே எடுக்கப் போட்டாள். தொண்ணூற்றேழில் மருமகள் மயங்கி விழுந்தாள். மறுபடி போட்டாள். பாப்பம்மா திரைக்கு முன் உட்கார்ந்து, "ஏறு, ஏறு, இன்னும் மூணு படிதான்" என்று மாட்டை மேட்டில் ஏற்றுவதுபோல ஏற்றினார். நூறு விழுந்தபோது மணி பன்னிரண்டு பத்து. நானாவின் வேனில் குண்டசாலை வழியாகப் போகும்போதே மடிக்கணினியில் ஓடவிட்டு எண்ணினாள். நாற்பத்துமூன்று.

மண்டபத்தில் நலங்கு ஓடியதும் ஒரே கூத்து. தங்கள் பெயரைத் திரையில் கண்ட பெண்கள் கைதட்டினார்கள். அடுத்த பெயர் யாருடையது என்று முன்கூட்டியே கத்தினார்கள். ஐந்தாவதாக 'பாப்பம்மா – பெண்ணின் அத்தை' என்று வந்தபோது, யோகராஜ் எழுந்து நின்று தட்டினார். வேர்த்திருந்த முகத்தைச் சால்வையால் துடைத்துக்கொண்டு, பின்னாலிருந்த கலாராணியைத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார். அவள் கையை அசைத்து, திரையைப் பார்க்கும்படி காட்டினாள்.

வீடியோ முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்கு எழும்பும்போது தவமணி வரிசை வரிசையாக விலக்கிக்கொண்டு வந்தாள். பாப்பம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணி, பேரெல்லாம் நீங்கதான் சொன்னீங்களாம். என் பேர யாரு குடுத்தா?"

"மெசினு கேட்டுச்சி. சொன்னேன்" என்றார் பாப்பம்மா.

 தவமணி பக்கத்துக் கதிரையில் கிடந்த பாப்பம்மாவின் கைப்பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வாங்க, எடம் பிடிப்போம். பிந்தினா மீன் பொரியல் முடிஞ்சிரும்."

"நட, வாறேன். தள்ளாத."

நலங்குக்குக் கட்டிய அதே மாம்பழ நிறச் சேலைகள் இரண்டும் கூட்டத்துக்குள் நுழைந்தன. பின்னாலிருந்து பார்த்த கலாராணிக்கு எது யார் என்று ஒரு நொடி பிடிபடவில்லை.