கெண்டைக்குக் கட்டிய படி

எங்கள் குவாரிக்குக் கீழே ஒரு கானாறு ஓடியது. மலையில் மழை பெய்தால்தான் அதில் தண்ணீர் வரும். வந்த தண்ணீர் ஏரிக்குப் போகும். ஐப்பசியில் வெள்ளம் இறங்கும்போது ஏரியிலிருக்கும் கெண்டை அந்தத் தண்ணீரை எதிர்த்து மேலே ஏறும். மலையடியில் இருந்த மடுவுக்குப் போய் முட்டை விட்டுவிட்டு இறங்கும். நான் பிறந்தது ஏரிக்கரைத் தெருவில். சின்ன வயதில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கல்யாணமாகிக் குவாரிப் பக்கம் வந்தேன். வீட்டுக்காரர் கல் செதுக்கும் மேஸ்திரி. நான் ஜல்லி உடைத்தேன். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் கழித்துப்போடும் தோல் துண்டை விரலில் சுற்றிக்கொண்டுதான் உடைப்போம். சுத்தி தவறினாலும் விரல் தப்பும்.

குவாரியில் உதவாத கல்லையும் மண்ணையும் கானாற்று ஓரத்தில் கொட்டினார்கள். கூடை தூக்கியவர்களில் நானும் உண்டு. இரண்டு மழையில் அது உள்ளே சரிந்து, ஓரிடத்தில் மார்பு உயரத்துக்கு அடைத்துக்கொண்டது. தண்ணீர் அதன்மேலிருந்து விழுந்தது. மீன் ஏற முடியவில்லை. நாலைந்து வருஷத்தில் ஏரியில் மீன் குறைந்துபோனது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் மீன்காரர்கள் ஏரிக்கரைப் பாதையில் ஒரு கட்டிலைப் போட்டு லாரிகளை மறித்தார்கள். அந்தப் பாதையை விட்டால் குவாரிக்கு வேறு வழி இல்லை.

வேலூர்க் கல்லூரி ஒன்றில் இயற்கையைக் காக்கிற சங்கம் இருந்தது. அதை நடத்திய வாத்தியாரை எல்லோரும் சார் என்றுதான் சொன்னோம். மறியல் சேதி கேட்டு அவர் வந்ததும், குவாரியை மூடச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தோம். அவர் இரண்டு பக்கத்தையும் லாரி ஷெட்டில் உட்கார வைத்துப் பேசினார். முதலாளி கல்லும் ஆளும் தருவது, சங்கத்துப் பிள்ளைகள் வந்து மண் வாருவது, மீன்காரர்கள் அந்த வருஷம் ஏறுகிற மீனைக் கூடை வைத்துப் பிடிக்காமல் இருப்பது என்று முடிவானது. மீன்காரர்களில் பெரியவர் ஒன்று மட்டும் சேர்த்தார்.

"இந்த ஐப்பசிக்குள்ள மீன் ஏறலன்னா, லாரியும் ஏறக்கூடாது. அவ்ளோதான்."

முதலாளி தலையாட்டிவிட்டார். குவாரி நின்றால் எங்களுக்குப் பிழைப்பு இல்லை. தோல் பதனிடும் ஷாப்புகளில் அப்போது புதிதாக ஆள் எடுக்கவில்லை.

சார் ஒரு புத்தகத்தில் படம் காட்டினார். ஏதோ வெளிநாட்டு ஆறு. படிப்படியாகக் கட்டியிருந்த இடத்தில் பெரிய மீன் ஒன்று அந்தரத்தில் தாவியது. "அடைப்ப முழுசா எடுத்தா கரையில இருக்கிற குவியல் திரும்பவும் சரியும். அதுமேலயே இந்த மாதிரி கட்டணும் மேஸ்திரி" என்றார். வீட்டுக்காரருக்கு அது போதும். பிள்ளைகள் அடைப்பின் மேல்பகுதியை வாரிக் கொடுக்க, இவர் வாரக்கணக்கில் கல் செதுக்கினார். நூல் பிடித்து, மட்டம் பார்த்து, ஏழு படி. இணைப்பில் நகம் நுழையாது. "கோயில் குளமே தோத்துச்சு போ" என்றார் முதலாளி.

எனக்கு அப்போதே உறுத்தியது. கெண்டை அப்படித் தாவிப் போகிற மீன் இல்லை. ஓரமாக, கல் இடுக்கில் ஒதுங்கி, நின்று நின்று ஏறும். இந்தப் படியில் ஒதுங்க இடமே இல்லை. ஆனால் நாலு பேர் நிற்கும் இடத்தில் பேச எனக்கு வராது. படித்தவர் சொல்லியிருக்கிறார், நமக்கென்ன தெரியும் என்றும் இருந்துவிட்டேன்.

ஐப்பசி பிறந்ததும் ஒரு சின்ன மழை. காலையில் எல்லோரும் ஓடினோம். மீன் வந்திருந்தது. படியில் தண்ணீர் மெல்லிசாக வழிந்தது. கெண்டைகள் முதல் படியில் முட்டி, புரண்டு, கீழே விழுந்தன. கொக்குகள் நின்று பொறுக்கின.

"இன்னா மேஸ்திரி, மீனுக்குக் கால் வழுக்குது பாரு" என்றார் பெரியவர். "ஆம்பூர்ல சொல்லி ஆளுக்கு ஒரு ஜோடி ஷூ தைச்சுக் குடேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் கட்டிலைக் கொண்டுவந்து பாதையோரம் சாத்தி வைத்துவிட்டுப் போனார். ஐப்பசி முடிந்தால் விரித்துப் போட வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்த வீட்டுக்காரர் சோற்றைத் தொடவில்லை. கெண்டைக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்று அப்போதுதான் சொன்னேன்.

"ஏன் மே, இத கல்லு செதுக்கறதுக்கு முன்ன சொல்றதுக்கு இன்னா?" என்றார். என்னை 'மே' என்றுதான் கூப்பிடுவார்.

"நீங்க அவ்ளோ ஆசையா செதுக்கினீங்க."

"ஆசையில மண்ணப் போட. வா, சார்கிட்ட நீயே சொல்லு."

"எனக்கு வராதுங்க."

"எனக்கு மட்டும் மீன் கத வருமா? நட."

சார் இன்னும் படிக்குப் பக்கத்தில்தான் இருந்தார். கழிவுக் குவியலிலிருந்து கோணல் கல் ஒன்றைத் தூக்கிப்போய் முதல் படியின் ஓரத்தில் வைத்தேன். தண்ணீர் அதைச் சுற்றிப் போனது. கல்லுக்குப் பின்னால் கையகலம் தண்ணீர் சும்மா நின்றது.

"இங்க நின்னு மூச்சு வாங்கும் சார். அப்புறம் அடுத்த கல்லுக்குப் போவும்."

சார் குந்தி உட்கார்ந்து அந்தத் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தார். "படத்துல இருக்கிறது தாவுற மீன்மா. நம்ம மீனப் பாக்காம நான் சொல்லிட்டேன். தப்பு என்னுது, மேஸ்திரி."

வீட்டுக்காரர் சம்மட்டியை யாரிடமும் தரவில்லை. ஏழு படியையும் தானே உடைத்தார். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து, முன்பு வாரிப் போட்ட கோணல் கற்களையே சரிவாக, இடுக்கு விட்டு விட்டுப் பதித்தோம். நாலு நாள் ஆனது. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "முதல்ல கொட்டினதும் இதே கல்லுதானேடா?" என்றார்.

ஐப்பசி முடிய ஒரு வாரம் இருக்கும்போது பெரிய மழை. மூன்றாம் நாள் காலை தண்ணீர் சற்றுத் தெளிந்தது. கல்லுக்குப் பின்னால் முதுகு தெரிய இரண்டு கெண்டை நின்றன. ஒன்று நழுவி அடுத்த கல்லுக்குப் போனது. பிறகு பார்த்த இடமெல்லாம் இருந்தன. பெரியவர் கூடை கொண்டுவரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஏறுது" என்று மட்டும் சொல்லிவிட்டு, பாதைக்குப் போய்க் கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

திரும்பும்போது வீட்டுக்காரர் கேட்டார்: "வேற எதனா தெரிஞ்சா இப்பவே சொல்லிடு மே."

ஒன்று இருந்தது. "நம்ம லாரிங்கள அந்த மடுவுலதான் கழுவறாங்க. முட்ட விடற எடம்" என்றேன்.

அவர் நின்றுவிட்டார். முதலாளி இன்னும் ஷெட்டில்தான் இருந்தார். ஷெட்டைப் பார்த்து நான் முன்னால் நடந்தேன்.