கையெழுத்துப் போடும்வரை சிரிக்கக் கூடாது

டவுன் பஸ்ஸில் கண்டக்டராக வேலை பார்க்கும் அவளுக்கு டிப்போவில் வைத்த பெயர் சரவெடி. பெயர் சிரிப்பால் வந்தது. ஒன்று வெடித்துவிட்டால் போதும், கடைசி வெடிவரை வெடித்துத்தான் ஓயும். பஸ்ஸில் அதற்கு ஏக மவுசு. கால் மிதிபட்டு மல்லுக்கு நிற்பவன்கூட அவள் சிரிப்பைக் கேட்டால் எதற்குச் சண்டை போட்டோம் என்பதை மறந்துவிடுவான். வாடகை வீட்டில்தான் அது வினையாகிப் போனது. இவள் சமையலறையில் சிரித்தால் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டு எழும். இதனாலேயே இரண்டு வீடு கைவிட்டுப் போயிருந்தது. இப்போது மூன்றாவது வீட்டுக்காரரும் மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

அவள் கணவருக்கு ரொட்டிக் கடையில் இரவு வேலை. மாவு பிசைந்து, அடுப்பில் வெந்து, விடிந்தபின் வீடு திரும்புகிறவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிற ரகம். மனிதர் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. அதிகபட்சம் மீசை கொஞ்சம் அசையும்.

புரோக்கர் காட்டிய கட்டடம் புத்தம் புதுசு. லிஃப்ட்டுக்குப் பள்ளம் மட்டும்தான் வந்திருந்தது, லிஃப்ட் வரவில்லை. தொப்பையைத் தடவிக்கொண்டு புரோக்கர் கீழேயே நின்றுவிட்டார்.

“அஞ்சாவது மாடி. ஓனரம்மா பல் டாக்டர், எதிர் ஃபிளாட்லதான் இருக்காங்க. அமைதியான குடும்பமா வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. பார்த்து நடந்துக்குங்க” என்றார்.

படியேறும்போது கணவர் மெல்லச் சொன்னார்: “கையெழுத்துப் போடற வரைக்கும் சிரிக்காதே. அப்புறம் உன் இஷ்டம்.”

சரியென்று தலையாட்டினாலும் அவளுக்குச் சுருக்கென்றது. செருப்பைக் கழற்றுகிற மாதிரி சிரிப்பையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறாரே!

உள்ளே போனதும் வருத்தமெல்லாம் பறந்துவிட்டது. பெயிண்ட் வாசனை. கதவுப் பிடியில் இன்னும் பிரிக்காத பிளாஸ்டிக் உறை. குழாயைத் திறந்தால் நாலு தரம் இருமிவிட்டுத் தண்ணீர் கொட்டியது. சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தால் அவளுடைய பஸ்ஸே கீழே முக்கில் திரும்பிக்கொண்டிருந்தது. குடியிருந்தால் இந்த வீட்டில்தான் குடியிருக்க வேண்டும் என்று அவளுக்கு அந்த நிமிஷமே பைத்தியம் பிடித்துவிட்டது.

பல் டாக்டர் ஹாலில் நின்று அவள் கணவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். “வீட்டுல சத்தம் கித்தம் இருக்காதே? எங்க வீட்டுக்காரருக்கு ஆகவே ஆகாது.”

“இருக்காதுங்க” என்றார் ரொட்டிக்காரர், தரையைப் பார்த்தபடி.

அவள் சும்மா இருக்க முடியாமல் சமையலறைச் சுவிட்சுகளைத் தட்டிப் பார்த்தாள். ஒன்றுக்கு விளக்கு எரிந்தது. இன்னொன்றுக்கு எதுவும் எரியவில்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் ஆண் குரல் அலறியது: “ஐயோ, கரண்ட் போச்சு! கண்ணெல்லாம் சோப்பு!”

மறுபடி தட்டினாள். “ஆ, வந்துடுச்சு!”

தட்டினாள். “அடச்சே, மறுபடியும் போச்சு!”

ஒயர் இழுத்த புண்ணியவான் எதிர் வீட்டுக் குளியலறை விளக்கின் குடுமியை இந்த வீட்டுச் சுவிட்சில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான்! ஹாலில் டாக்டர் அலட்டிக்கொள்ளாமல், “அவருதான் குளிக்கிறாரு. புதுக் கட்டடம், கரண்ட் அப்படித்தான் விளையாடும்” என்றார்.

அவள் உதட்டைக் கடித்தாள். முந்தானையை வாய்க்குள் அடைத்தாள். வயிறு குலுங்கியது, கண்ணில் தண்ணீர் முட்டியது. கையை எடுத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். பாழாய்ப்போன விரல் கேட்டால்தானே? இன்னொரு தட்டு.

“எந்தப் படுபாவிடா கரண்டோட விளையாடறது!”

அவ்வளவுதான், வெடித்துவிட்டது. சாமான் எதுவும் இல்லாத வீடு. சிரிப்பு சுவருக்குச் சுவர் மோதி, படிக்கட்டில் உருண்டு, தரைத்தளம்வரை போனது. கீழே புரோக்கர் தலையில் கைவைத்துக்கொண்டாராம்.

எதிர்க் கதவு படாரென்று திறந்தது. இடுப்பில் துண்டு, தலையிலிருந்து தாடைவரை நுரையோடு டாக்டரின் கணவர் வந்து நின்றார். “யாரு சிரிச்சது?”

வீடு போச்சு என்றே அவள் முடிவு கட்டிவிட்டாள். அப்போது ரொட்டிக்காரர் ஓரடி முன்னால் வந்தார்.

“நான்தாங்க.”

“நீங்களா? எங்க, சிரிங்க பார்ப்போம்.”

பாவம், மனிதர் வாயைத் திறந்தார். மீசையைத் தூக்கினார். “ஹி... ஹி...” என்று ஏதோ வந்தது. பல் பிடுங்க வந்தவர்கள்கூட இப்படி முனகிக் கேட்டதில்லை என்று டாக்டர் பிறகு சொன்னார். அப்போது அவரால் பேச முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சரவெடி மறுபடி வெடித்தாள். நுரைக்காரர் விறைப்பாக நிற்கத்தான் பார்த்தார். முடியாமல் சிரித்து, சோப்பு வாய்க்குள் போய்த் தூ தூ என்று துப்பினார்.

“சாவியைக் கொடுத்துத் தொலை” என்றார் மனைவியிடம். “ஆனா அந்தச் சுவிட்சுல யாரும் கை வைக்கக் கூடாது.”

குடிவந்த அன்றே அவள் அதன்மேல் டேப் ஒட்டிவிட்டாள். கொடுத்த வாக்குக்காக அந்தப் பக்கமே திரும்பவில்லை.

ஒருநாள் காலை, முந்தின நாள் பஸ்ஸில் எவனோ திட்டியது மனதைவிட்டுப் போகாமல் சமையலறையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். வேலை முடிந்து வந்த கணவர் ரொட்டிப் பொட்டலத்தை மேடைமேல் வைத்தார். அவளைப் பார்த்தார். எதிர் வீட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவர் மாவுக் கையாலேயே டேப்பை உரித்து, சுவிட்சைத் தட்டினார்.