ஐந்தாவது ஏன்

போன ஆடி மாதம், ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் நடந்தது இது. நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. என் தோழியின் அப்பா இறந்துபோனார்.
2. பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பினாள்.
3. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள்.
4. நான் ஐந்து கேள்விகள் கேட்டேன்.
5. மறுநாள் முதல் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை.

நான்காவதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள். வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். அவள் அசெம்பிளி லைனில். ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து வருகிறாள். நான் ஏறுவது பெரியபாளையத்தில். எனக்கு முன்பே ஏறிவிடுவதால், தன் சாப்பாட்டுப் பையை ஜன்னலோர சீட்டில் வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாள். நான் வந்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். மூன்று வருடமாக அப்படித்தான்.

அந்தப் பயணத்தில் அவள் தன் கஷ்டங்களைச் சொல்வாள். ஓட்டு வீடு ஒழுகுகிறது, தம்பி காலேஜை நிறுத்திவிட்டான், எட்டு மணி நேரம் நின்று நின்று கால் வீங்குகிறது. நான் கேட்டுக்கொண்டே வந்து, இறங்குவதற்குள் என்ன செய்யலாம் என்று ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிவிடுவேன். தம்பியின் சான்றிதழ்களைத் திரும்ப வாங்க யாரைப் பார்ப்பது என்று நான் சொன்னபடி செய்தாள், கிடைத்தது. "உன்கிட்ட சொன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரிடி," என்பாள். எனக்கு அதில் பெருமை. என் கஷ்டம் எதையும் நான் அவளிடம் சொன்னதில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பாகம் கெட்டுப்போய் வந்தால், ஏன் என்று கேட்க வேண்டும். வருகிற பதிலுக்கு மறுபடி ஏன். இப்படி ஐந்து முறை கேட்டால் அடியில் இருக்கும் காரணம் வெளியே வந்துவிடும் என்பார்கள். அதற்கென்றே ஐந்து கட்டம் போட்ட தாள் இருக்கிறது. தினமும் இரண்டு மூன்றாவது நிரப்புவேன்.

அவள் வேலைக்குத் திரும்பிய அன்று நான் ஏறியதும் பஸ் நின்றுவிட்டது. ஆடிக் கூட்டம். மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாக ஜனம் ரோட்டை அடைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனது. அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நைனாக்கு காலைல நெஞ்சு வலி வந்துக்கிதுடி. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள போயிட்டாரு."

"ஏன், லேட்டா கூட்டினு போனாங்களா?"

"வண்டி கெடைக்கல."

"ஏன், பக்கத்துல ஆட்டோ எதுவும் இல்லையா?"

"அம்மா யாரையும் கூப்புடல. எனக்கே அடிச்சிக்கினு இருந்துருக்காங்க. பச்ச பட்டனை அமுக்குனா எனக்கு வரும், அது ஒண்ணுதான் அவங்களுக்குத் தெரியும்."

"நீ ஏன் எடுக்கல?"

"போனு லாக்கர்ல இருந்துச்சு."

லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அவசரத்துக்கு கேட் ஆபீஸ் நம்பரை வீட்டில் கொடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"கேட் நம்பருக்கு ஏன் அடிக்கல?"

"ஊட்ல அந்த நம்பரு இல்ல."

"ஏன் இல்ல?"

அவள் ஜன்னல் வழியாகக் கூட்டத்தைப் பார்த்தாள். பையின் காதை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"நான் எழுதிக் குடுக்கல," என்றாள்.

மறைக்காமல் எழுதுகிறேன். அந்த நொடியில் எனக்குள் வந்தது, காரணம் பிடிபட்டுவிட்ட திருப்தி. "இனிமேலாவது அம்மாகிட்ட எழுதிக் குடுத்து வை," என்றேன். அவள் தலையாட்டினாள். பஸ் கிளம்பியது.

மறுநாள் ஜன்னலோர சீட்டில் பை இல்லை. அவள் பின்னால் வேறொருத்தியோடு உட்கார்ந்திருந்தாள். அசதியாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு வாரம் அப்படியே போனது. கேன்டீனில் அவள் லைனில் வேலை செய்யும் பெண் ஒருத்தி தட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னா மேடம், அவளை என்கொயரி பண்ணியாமே?"

"நான் என்ன பண்ணேன்? இன்னா நடந்துச்சுன்னுதானே கேட்டேன்."

"அவ அழுவறதுக்கு உன் பக்கத்துல வந்து குந்தனா. நீ அவளையே அக்யூஸ்டு ஆக்கி அனுப்பிச்சிட்ட." சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டாள்.

அன்று மாலை மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு தாளில் வரிசையாகக் குறிப்புகள் எழுத ஆரம்பித்தேன். மூன்றாவது, "நம்பர் கொடுக்காதது உன் தவறு இல்லை, ஏனென்றால்" என்று ஆரம்பித்தது. அங்கேயே நிறுத்தித் தாளைக் கிழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊத்துக்கோட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். அவளும் அம்மாவும் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து தண்ணீர் கொண்டுவந்தாள். நானும் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன்.

"நீதான் அந்த பஸ்ஸுப் பொண்ணா? உனக்கு எல்லாம் தெரியும்னு இவ சொல்லிக்கினே இருப்பா," என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "படிச்ச பொண்ணு, நீயே சொல்லும்மா. அன்னிக்கு இவ போனை எடுத்துருந்தா அவரு பொழச்சிருப்பாரா?"

தோழியின் கை நின்றது.

என் தலைக்குள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எத்தனை நிமிடம், எவ்வளவு தூரம், ஆட்டோ உடனே வந்திருந்தால். பதில் சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. விரலிடுக்கிலிருந்த கடலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலம்மா," என்றேன். "யாருக்குமே தெரியாதும்மா."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அவளும் அழுதாள். நானும் அழுதேன். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

ஆட்டோ ஏற்றிவிட ரோடு வரை வந்தாள். "தெரியலன்னு நீ சொல்லி இன்னிக்கிதான்டி கேக்கறன்," என்றாள்.

"அன்னிக்கு நான் கேட்டிருக்கக் கூடாது."

"நீ கேக்கலன்னாலும் அது எனக்குள்ள ஓடிக்கினுதான் இருந்துச்சு. ஆனா உன் வாயால வந்துச்சு பாரு," என்றாள். ஆட்டோ வந்துவிட்டது.

திங்கட்கிழமை பை இல்லை. அடுத்த வாரமும் இல்லை. ஆவணி பாதியில் ஒரு நாள் ஏறிப் பார்த்தால், ஜன்னலோரம் அவள் பை இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

போன மாதம் எனக்குப் பேசியிருந்த கல்யாணம் நின்றுபோனது. முதல்முறையாக அவளிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கவரைப்பேட்டை வரை சும்மா வந்தாள். கம்பெனியில் இன்றும் அந்தத் தாளை நிரப்புகிறேன். ஐந்தாவது கட்டம் வரும்போது பேனா கொஞ்சம் நிற்கிறது. அவள் இப்போது என் பக்கத்தில்தான் உட்காருகிறாள், ஒழுகும் ஓட்டைப் பற்றிப் பேசுகிறாள், தம்பியைத் திட்டுகிறாள். நைனாவைப் பற்றி மட்டும் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.