கணேஸ்வரனுக்கு அளவான ஸ்கீ

வயது என்ன என்று கேட்டதற்குப் பதில் தெரியாமல், கடையின் நடுவில் நின்று மனைவியின் முகத்தைப் பார்க்கும் ஆம்பிளையை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? நான் கண்டேன். அந்த மனைவி நான்தான். அன்று வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. இருந்தாலும் நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

என் கணவர் பெயர் கணேஸ்வரன். ஹவுன்ஸ்லோவில் இருக்கிறோம். ஹீத்ரோ விமான நிலையத்தில், மற்றப் பெட்டிகளோடு போகாத பெரிய சாமான்களை ஏற்றி இறக்குவது அவருடைய வேலை. சைக்கிள், குழந்தை வண்டி, வீணைப் பெட்டி, மார்கழி பிறந்துவிட்டால் ஸ்கீ. பனியில் சறுக்குவதற்குக் காலில் பூட்டுகிற அந்த நீளக் கட்டைகளைப் பத்தொன்பது வருடமாகத் தூக்கியிருக்கிறார். "காசையும் குடுத்து, காலையும் முறிச்சுக்கொண்டு வருகினம், விசர்ச் சனம்" என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிப்பார்.

அந்த விசர் அவரையே பிடித்தது. இரண்டு வருடத்துக்கு முன் வேலையிடத்துக் கிறிஸ்மஸ் குலுக்கலில் இவருக்கு ஸ்கீ வகுப்பு ஒன்று விழுந்தது. லண்டனுக்கு வெளியே, கூரைக்குள் பனி செய்து கொட்டி வைத்திருக்கும் ஒரு சரிவு. சும்மா கிடைத்ததை விடக்கூடாது என்று போனார். திரும்பி வந்து மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

"குமுதா, நான் நிண்டனான்" என்றார்.

"எதில நிண்டனீங்கள்?"

"பனியில. ஒருத்தரும் பிடிக்கேல்லை. நானா நிண்டனான்."

எங்கள் மகள் பிறந்த அன்றைக்குப் பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் காணவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஒன்றுவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போகத் தொடங்கினார். இடப் பக்கம் அழகாகத் திரும்புவார். வலப் பக்கம் திரும்பப் பயம். பயிற்சியாளர் ஒரு அட்டையில் 'முன்னேறி வருபவர்' என்று எழுதிக் கொடுத்தாராம். அதைக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் இந்த மனிதருக்கு ஒருவரும் ஒரு சான்றிதழும் கொடுத்ததில்லை. நான் கொடுத்ததெல்லாம் ஏச்சுத்தான்.

போன கார்த்திகையில் விழுந்தார். விழுந்தால் சப்பாத்து ஸ்கீயிலிருந்து தானாகக் கழன்றுவிட வேண்டும். அன்று கழலவில்லை. கட்டை ஒரு பக்கம் போக, முழங்கால் மற்றப் பக்கம் போனது. மூன்று கிழமை கட்டிலில் கிடந்தார். வேலைக்குத் திரும்பிய அன்று மேலதிகாரி கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி என்றால் தூக்குகிற வேலை தர முடியாது, வேறு வேலையும் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அந்த முழங்காலில்தான் எங்கள் வீடு நிற்கிறது.

"இனி உந்தக் கோதாரி வேண்டாம்" என்றேன்.

"அம்மா, நான் புக் பண்ணிட்டன்" என்றாள் மகள்.

மகள் ஜதுர்ஷிகா. இருபத்திரண்டு வயது, முதல் வேலை, முதல் சம்பளம். பெப்ரவரியில் அப்பாவும் தானும் ஆஸ்திரியா போக எல்லாவற்றையும் பதிந்துவிட்டாள். காசு திரும்பாதாம். அப்பாவுக்கு அவள் வாங்கிக் கொடுக்கும் முதல் சாமான் ஒரு மலை. நான் என்ன செய்வது? ஒரு நிபந்தனை வைத்தேன். வாடகை ஸ்கீ ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொன்றாக இருக்கிறது. சப்பாத்து ஏற்கெனவே சொந்தமாக இருக்கிறது. ஸ்கீயையும் சொந்தமாக வாங்கி, இவருக்குச் சரியாகப் பூட்டித் தர வேண்டும். விலை அளவாக இருக்க வேண்டும். நானும் கூட வருவேன்.

அதற்குப் பிறகுதான் தலை சுற்றத் தொடங்கியது. ஸ்கீ என்ன நீளம் வேண்டும்?

யூடியூப்பில் ஒரு பெடியன், நாடி வரை இருந்தால் போதும் என்றான். அடுத்த வீடியோவில் ஒரு பெண், நெற்றி வரை வேண்டும் என்றாள். பயிற்சியாளர் மூக்கு என்றார். ஒரு இணையத்தளம், உயரத்தை விடு, எடையைச் சொல் என்றது. இவரைக் குசினிச் சுவரோடு நிறுத்தி, நாடி, மூக்கு, புருவம், நெற்றி என்று நாலு கோடு பென்சிலால் போட்டேன். அங்குலத்தைச் சென்ரிமீற்றராக மாற்றியதில் ஒரு தடவை நூற்று ஐம்பது வந்தது, இன்னொரு தடவை நூற்று எழுபது. மகள் வந்து சுவரைப் பார்த்துவிட்டு, "ஆர் வளருகினம்?" என்று கேட்டாள்.

இந்தக் குழப்பம் போதாதென்று இவர் பேர்ணில் இருக்கும் தன் அண்ணன் நடராஜாவுக்கு அழைத்தார். சுவிஸ்காரருக்குத் தெரியாத பனியா?

"ரெண்டு மீற்றர் எடு" என்றார் நடராஜா அண்ணை, யோசிக்காமலே. "இஞ்ச எல்லாரும் அதுதான்."

"நீங்கள் எத்தனை மீற்றர் வச்சிருக்கிறியள் அண்ணை?"

"எனக்கென்ன விசரே? நான் முப்பது வருசமா ஹோட்டல் குசினிக்குள்ள நிக்கிறன். பனியை யன்னலாலதான் பாக்கிறனான்."

நானும் ஒரு யோசனை சொன்னேன். மகளுக்குப் பள்ளிக்கூட பிளேசர் முதற்கொண்டு எல்லாம் ஒரு அளவு பெரிதாகவே வாங்கி வளர்த்தவள் நான். ஒரே விலை என்றால் நீளமானதை எடுப்பதுதானே புத்தி? முன்னேறி வருகிற மனிதர், முன்னேறின பிறகும் உதவும். இவரும் தலையாட்டினார்.

இந்த இடத்தில் இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். அது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்தது.

இவர் இந்த நாட்டுக்கு வந்தபோது வயது இருபத்து நாலு. கூட்டிவந்த ஏஜென்ற், பத்தொன்பது என்று சொல்லு, அப்போதுதான் இரக்கப்படுவார்கள் என்றான். பயந்துபோய் நின்ற மனிதர் அப்படியே சொன்னார். ஏதோ ஒரு ஜூன் மாதத் திகதியும் சொன்னார். அது தாளில் ஏறியது. பிறகு சாரதி உரிமம், கல்யாணப் பதிவு, வீட்டுக் கடன், பாஸ்போர்ட் என்று எல்லாத் தாளிலும் அதுவே. திருத்தப் போனால் குடியுரிமையில் கைவைப்பார்களோ என்ற பயம். சட்டம் என்ன சொல்கிறதென்று எங்களுக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது, கேட்கவும் பயம். பென்ஷனும் அந்தக் கணக்கில்தான் வரும். ஐந்து வருடம் கூடுதலாகப் பெட்டி தூக்க வேண்டும். என்னிடம் இருக்கும் சாதகத்தில் மட்டும் உண்மை இருக்கிறது. மகள் சின்னவளாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடுவாள் என்று மறைத்தோம். பிறகு சொல்வதற்கு ஒரு நாள் வாய்க்கவில்லை. ஜூன் மாதம் அவள் கேக் வாங்குவாள். அவர் பிறந்த தை மாதத்துச் சதயத்தில் நான் கோயிலில் அர்ச்சனை செய்வேன்.

ஸ்கீ வாங்கப் போன சனிக்கிழமையும் அந்தச் சதயம்தான். காலையில் விம்பிள்டன் பிள்ளையாரிடம் போனோம். ஐயர் இவருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்தார். மகள் பக்கத்தில் கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டு நின்றாள். விபூதி பூசிக்கொண்டு நேரே கடைக்குப் போனோம்.

போன வருடம் வாடகைக்கு விட்ட ஸ்கீகளை அங்கே பாதி விலைக்கும் கீழே வைத்திருந்தார்கள். எனக்குச் சந்தோஷம். நூற்று எழுபத்து நாலு சென்ரிமீற்றரில் நல்ல சிவப்பு நிறத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். இவர் உயரமே நூற்று எழுபதுதான். கடைப் பெண் பூப்போல அதை என் கையிலிருந்து வாங்கி, இருந்த இடத்தில் வைத்தாள்.

"இது இவரைத் திரும்ப விடாது. முன்னேறி வருகிறவருக்கு நாடிக்கும் மூக்குக்கும் நடுவில் இருந்தால் போதும். மிகவும் கட்டையாக எடுத்தால் அடுத்த வருடமே போதாமல் போகும்" என்று சொல்லி, அங்கங்கே கீறல் விழுந்த ஒரு நூற்று ஐம்பத்து நாலை அவர் முகத்துக்கு நேரே நிறுத்தினாள். சரியாக மேலுதட்டில் வந்து நின்றது. இரண்டு கிழமை மண்டை காய்ந்த கணக்கு அரை நிமிடத்தில் முடிந்தது. நடராஜா அண்ணையை நினைத்தால் சிரிப்பு வந்தது.

பிறகு ஒரு படிவத்தைக் கொடுத்தாள். உயரம், எடை, வயது, எவ்வளவு பழக்கம். எடை எழுபது என்று எழுதினார்.

"எழுபத்தெட்டு" என்றேன். "சும்மா பேய்க்கதை எழுதாதையுங்கோ."

திருத்தினார். வயது நாற்பத்தேழு என்று எழுதினார். இருபத்தெட்டு வருடம் எழுதிப் பழகின கை, அது தன்பாட்டில் எழுதும்.

அந்தப் பெண் நாங்கள் கொண்டுபோன சப்பாத்தை ஸ்கீயில் மாட்டி, திருப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசித்தாள். "நாற்பத்தேழு. நல்லது. ஐம்பது தாண்டியிருந்தால் ஒரு படி தளர்த்தி விடுவேன். வயது போனால் முழங்கால் தாங்காது, சீக்கிரம் கழல வேண்டும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கார்த்திகையில் விழுந்த அன்றும் வாடகைப் படிவம் ஒன்று நிரப்பியிருப்பார். அதிலும் இதே பொய்யைத்தான் எழுதியிருப்பார். ஏஜென்ற் சொன்ன வயதுக்குப் பூட்டின ஸ்கீ, சாதகத்தில் இருக்கிற முழங்காலை முறுக்கியிருக்கிறது.

"சரியாகத்தானே எழுதியிருக்கிறீர்கள்? உங்கள் வயது என்ன?" என்று அவள் வாயாலும் ஒருமுறை கேட்டாள்.

இவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மகள் எங்கள் இருவரையும் பார்த்தாள். ஒரு இரகசியத்தைத் தமிழில் பேசித் தப்பவும் வழியில்லை, அவளுக்கு நல்ல தமிழ் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

"இஞ்சருங்கோ" என்றேன். "முழங்காலுக்குப் பாஸ்போர்ட் இல்லை. உள்ளதை எழுதுங்கோ."

"நீர் சும்மா இரும், குமுதா."

"இருக்கமாட்டன். இவ்வளவு நாளும் சும்மா இருந்ததுதான் நான் செய்த பிழை."

"அம்மா, என்ன நடக்குது?" என்றாள் ஜதுர்ஷிகா.

இவர் அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில், "இந்தத் தாள் எங்கே போகும்?" என்று கேட்டார்.

அவள் மேசைக்குக் கீழே இருந்த ஒரு கோப்பைக் காட்டினாள்.

"அரசாங்கத்துக்கு?"

அவள் குழம்பிப்போய்ச் சிரித்தாள். "நீங்கள் ஸ்கீ வாங்குவது அரசாங்கத்துக்கு எதற்கு?"

பேனாவை வாங்கினார். நாற்பத்தேழை வெட்டினார். அந்த இடத்தில், அன்றைக்கு நிறைந்ததையும் சேர்த்து, ஐம்பத்து மூன்று என்று எழுதினார். மூன்று கோணலாக விழுந்தது. இந்த நாட்டில் அவர் தன் உண்மையான வயதை எழுதிய முதல் தாள் அது.

அந்தப் பெண் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அட்டவணையைப் பார்த்து, திருப்புளியால் முன்னும் பின்னும் சிறிது தளர்த்தினாள். அவ்வளவுதான். இவர் கடை வாசலைப் பார்த்தார். எனக்கும் பார்க்கத்தான் தோன்றியது. கையுறை வாங்க ஒரு குடும்பம் உள்ளே வந்தது.

காரில் ஸ்கீ பின்னிருந்து முன்னிருக்கைகளின் நடுவரை நீட்டிக்கொண்டு கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஜதுர்ஷிகா ஒடுங்கி இருந்தாள். நடந்ததையெல்லாம் இவர் வீதியைப் பார்த்தபடியே சொல்லி முடித்தார். அவள் ஸ்கீக்கு மேலாக எட்டிக் கேட்டாள்.

"அப்ப உண்மையான பேர்த்டே எப்ப அப்பா?"

"இண்டைக்கு."

"இண்டைக்கா? அந்த அர்ச்சனை?"

"ஓம்."

"அப்ப உங்கட அம்பதாவது?"

"அது போயிட்டுது பிள்ளை. மூண்டு வருசம்."

"அண்டைக்கு என்ன செய்தனீங்கள்?"

"டபிள் ஷிப்ட்" என்றார் இவர்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் பாயாசம் காய்ச்சினனான். நீயும் குடிச்சனி. சீனி காணாது எண்டும் சொன்னனி."

"ஏன் பாயாசம் எண்டு நான் கேக்கேல்லையே அம்மா" என்றாள். அழுதாள். நானும் அழுதேன். இவர் மட்டும் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்து, "சீனி உண்மையிலயே காணாதுதான்" என்றார்.

அன்று பின்னேரம் மறுபடி காய்ச்சினேன். அவள் மெழுகுதிரி வாங்கி வந்தாள். ஐந்தும் மூன்றும் தனித்தனி இலக்கம்.

பெப்ரவரியில் இருவரும் போனார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் ஆஸ்திரியாவிலிருந்து அழைப்பு வந்தது. கைத்தொலைபேசியில் அவர் பெயரைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு எடுத்தேன்.

"குமுதா, விழுந்திட்டன்."

"ஐயோ!"

"கழண்டிட்டுது! நான் ஒரு பக்கம், ஸ்கீ ஒரு பக்கம். பிள்ளை கீழ ஓடிப்போய்ப் பிடிச்சுக்கொண்டு வருகிறாள்."

"முழங்கால்? முழங்கால் எப்பிடி?"

"அது கிடக்கு, அதின்ர இடத்தில."