ஹெலன் மேடத்தின் நான்காவது வரைபடம்

ஹெலன் மேடத்துக்காக நான் வரைந்த கழிப்பறைகளையெல்லாம் கட்டியிருந்தால் எங்கள் வார்டான நீலசந்திராவில் தெருவுக்கு ஒன்று வந்திருக்கும். கட்டியது ஒன்றுகூட இல்லை. அவர் எங்கள் வார்டு இன்ஜினியர், நான் டிராஃப்ட்ஸ்மேன். தெரு கூட்டும் பெண்களுக்கு ஓர் ஓய்வறை, இரண்டு கழிப்பறை. இதற்கு இடம் தேடியே இரண்டரை வருடம் போய்விட்டது.

முதல் இடம் பூங்கா ஓரம். குடியிருப்போர் சங்கம் திரண்டு வந்தது. "திட்டம் ரொம்ப நல்லது மேடம், இங்க மட்டும் வேணாம்." இரண்டாவது, ஒரு சந்து முனை. நாங்கள் அளந்துவிட்டு வந்த மறுநாளே அந்தச் சுவர் முழுக்கச் சாமி படம் ஒட்டிவிட்டார்கள். மூன்றாவது, டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால். சாக்கடைக் குழாய் அறுபது மீட்டர் தள்ளி இருந்ததால் பட்ஜெட் தாங்கவில்லை. பெரிய இன்ஜினியர் தியோடர் சார் வழி சொன்னார்: "டாய்லெட்ட எடுத்துட்டு ரூம் மட்டும் கட்டிடுங்க." எனக்கு மவுஸைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

அப்படித் திருத்திய வரைபடத்தில் மேடம் கையெழுத்துப் போடவில்லை. அவர் கோலார் தங்கவயல்காரர், சுரங்கத் தொழிலாளியின் மகள். லைன் வீட்டுப் பொதுக் கழிப்பறை முன்னால் டப்பாவோடு வரிசையில் நின்றே பள்ளிக்கூடத்துக்குத் தாமதமானவர். இன்றும் அங்கிருந்துதான் ரயிலில் வருகிறார். ஆபீஸ் வந்து சேரப் பத்தாகிவிடும். "நாப்பது பொம்பளைங்க கில்பர்ட், காலைல ஆறு மணிலேர்ந்து" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

நான்காவது வரைபடத்தோடு இடம் பார்க்கப் போனோம். நல்ல வெயில். கூட்டிக்கொண்டிருந்த தனலக்ஷ்மியிடம் மேடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"வேல முடியற வரைக்கும் குடிக்க மாட்டேன் மேடம். குடிச்சா எங்க போறது?"

இருந்த எரிச்சலில் மேடம் கேட்டே விட்டார்: "நீங்களே சொல்லுங்க, எங்கதான் கட்டறது?"

தனலக்ஷ்மி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "எதுக்கு மேடம் கட்டணும்? உங்க ஆபீஸ்லயே ரெண்டு கீதே. ஆறு மணிக்கு அந்த கேட்டாண்டதான் எங்களுக்கு அட்டெண்டன்ஸ். அப்ப பூட்டிக் கெடக்கும். பத்து மணிக்குத் தொறந்ததும் கழுவறது மட்டும் நாங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. நான்கு வரைபடத்திலும் அந்தக் கட்டடத்தைக் கட்டம் போட்டு, 'ஏற்கெனவே உள்ளது' என்று எழுதியவன் நான்தான்.

திரும்பியதும் தியோடர் சார் மேஜையிலிருந்த கழிப்பறைச் சாவியை எடுத்து வாட்ச்மேனிடம் கொடுத்து, ஆறு மணிக்கே திறக்கச் சொன்னார் மேடம். இரண்டாம் நாள் மெமோ வந்தது. இடத்தேர்வு, மதிப்பீடு, ஒப்புதல் எதுவுமின்றி வசதி ஏற்படுத்தியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். 'தாமதத்துக்கு வருந்துகிறேன்' என்று ஒரே வரியில் பதில் எழுதினார் மேடம்.

அந்த வாரம் ஒருநாள் நான் காலை ஏழரைக்கே ஆபீஸ் போக நேர்ந்தது. கேட் பக்கத்தில் தனலக்ஷ்மி அண்ணாந்தபடி, பாட்டில் காலியாகும்வரை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.